அஃபெரிசிஸ் படிக்கப் போகிற நர்ஸுகள் எங்கெங்கே சறுக்குகிறார்கள்

"அக்கா, ஆன்லைன்ல அஃபெரிசிஸ் கோர்ஸ் ஒண்ணு போட்டிருக்காங்க, மூணு மாசம்தான், முடிச்சா வெளிநாட்டுல டிமாண்டாம், பணம் கட்டிரட்டுமா?" போன வாரம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு ஜூனியர் கேட்டாள். பஸ் வர அஞ்சு நிமிஷம் இருந்தது, அதற்குள் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். மீதி இங்கே.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுழற்றி, வேண்டிய பகுதியை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை அதே ஆளுக்குத் திருப்பி ஏற்றுவதுதான் அஃபெரிசிஸ். டெங்கு சீசனில் "எஸ்.டி.பி. டோனர் அவசரம்" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, ஒரே ஆளிடமிருந்து தட்டணு (பிளேட்லெட்) மட்டும் எடுப்பது, அது இதில் ஒரு வகை. கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்து கை கால் விளங்காமல் படுத்தவருக்கு பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப் பகுதியை) எடுத்துவிட்டு வேறு திரவம் ஏற்றி மாற்றுவதும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு ஸ்டெம் செல் சேகரிப்பதும் இதே வேலைதான். நம் பக்கத்தில் எலி பேஸ்ட் சாப்பிட்டு ஈரல் கெட்டு வருகிறவர்களுக்கும் பிளாஸ்மா மாற்றிப் பார்க்கிறார்கள்.

முதல் தவறு, கோர்ஸின் பெயரைப் பார்த்துச் சேர்வது. இந்திய நர்சிங் கவுன்சிலின் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு வருடம், அதில் ஐந்து பிரிவுகள், அஃபெரிசிஸ் என்று தனிப் பிரிவு கிடையாது. இதில்தான் போக வேண்டும் என்றால் மெடிக்கல் சர்ஜிக்கல் எடுத்து, அதற்குள் ஆன்காலஜி (புற்றுநோய்), நெஃப்ரோ (சிறுநீரகம்), கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சை) இவற்றில் ஒன்றைப் பிடித்து, ஆய்வுத் தலைப்பை அஃபெரிசிஸில் வைத்துக்கொள்வது நடக்கிற வழி. இரண்டு வருடம் முடியாது என்றால் ஆன்காலஜியிலோ கிரிட்டிகல் கேரிலோ ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. ஆன்லைன் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, பாடம் நன்றாக இருந்தால் படியுங்கள். ஆனால் அதை வைத்து பிரிட்டனில் என்.எம்.சி. (அந்த ஊர் நர்சிங் கவுன்சில்) பதிவோ அமெரிக்காவில் என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேர்ச்சியோ தானாக வந்துவிடாது, மொழித் தேர்வும் பதிவுத் தேர்வும் தனி வரிசை. பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எத்தனை கேஸில் நான் கை வைப்பேன், என் லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடுவார்? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது வேலை பற்றிய கனவு. நம் ஊர் ரத்த மையங்கள் பலவற்றில் மெஷினை ஓட்டுவது டெக்னீஷியன்தான், மேலே டிரான்ஸ்ஃப்யூஷன் மெடிசின் (ரத்தம் ஏற்றும் துறை) டாக்டர் இருப்பார். நர்ஸுக்கு இடம் இல்லாமல் இல்லை, ஐ.சி.யூ. படுக்கையில் நடக்கிற பிளாஸ்மா மாற்றத்தில் அவர் இல்லாமல் ஒன்றும் நகராது. ஆனாலும் சேரப் போகிற இடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் போய் நின்று பார்த்துவிட்டுப் படிப்பை முடிவு செய்யுங்கள்.

ஆய்வுத் தலைப்பிலும் ஒரு குழி இருக்கிறது. "ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராமுக்கு முன்பும் பின்பும் அறிவு" என்று எழுதாத எம்.எஸ்சி. பிள்ளையை எனக்குத் தெரியாது (நானும் அதில் சேர்த்திதான்). அதை விட்டுவிட்டு, தட்டணு கொடுக்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு உதடு கூசியது (ஏன் கூசும் என்பதைக் கீழே சொல்கிறேன்), எந்த நிமிடத்தில், எடை எவ்வளவு என்று குறித்தாலே உபயோகமான ஆய்வு கிடைக்கும். ஆனால் தெரபி கேஸ்களை, அதாவது சிகிச்சைக்காகப் பிளாஸ்மா மாற்றுகிற நோயாளிகளை, நம்பித் தலைப்பு வைக்காதீர்கள். ஒரே மையத்தில் ஆறு மாதத்தில் சாம்பிள் நிறையாமல் கைடு முன்னால் முழிக்க வேண்டியிருக்கும்.

சரி, படிப்புக்குள் வருவோம். பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது, அதிலும் டயாலிசிஸில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களிடம். பார்க்க ஒரே மாதிரி டியூப், ஒரே மாதிரி அலாரம், அதனால் டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மாதிரிதானே என்று சிட்ரேட்டை நினைத்துக்கொள்கிறார்கள். டியூபுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஊற்றும் ஏ.சி.டி.ஏ. திரவத்தில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், திரும்பி ஏறும் ரத்தத்தோடு அது ஆளுக்குள்ளும் போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மேலூர்க்காரப் பையன் ஒருவன், காலேஜ் படிக்கிறவன், சித்தப்பாவுக்காக தட்டணு கொடுக்கப் படுத்திருந்தான். அரை மணி நேரம் கழித்து நாக்கால் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் நின்ற மாணவி, பயத்தில் வாய் வறண்டிருக்கும் என்று ஃபேனை வேகமாக வைத்தாள். "உதடு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டதும்தான் சொன்னான், "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சிஸ்டர், சொன்னா நிப்பாட்டிருவீங்கன்னு சொல்லல." திருப்பி ஏற்றும் வேகத்தைக் குறைத்தோம், கால்சியம் மாத்திரை சப்பக் கொடுத்தோம், சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. கூச்சம் விரலுக்கு இறங்கி இழுக்க ஆரம்பித்திருந்தால் நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு கால்சியம் குளுக்கோனேட் போட வேண்டிய நிலை. அவன் வாய் திறந்து சொல்லக்கூடியவன். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவருக்கு எறும்பு ஊர்ந்தால் யார் சொல்வது? அங்கே அயனைஸ்டு கால்சியமும் (சிட்ரேட் பிடிக்காமல் மிஞ்சும் கால்சியத்தின் அளவு) ஈ.சி.ஜி.யில் நீளும் க்யூ.டி. இடைவெளியும்தான் பேசும். எடுத்த பிளாஸ்மாவுக்கு ஈடாக ஏற்றும் அல்புமின் என்ற புரதத் திரவத்துக்குப் பதில் எஃப்.எஃப்.பி. (டோனரின் உறையவைத்த பிளாஸ்மா) ஏற்றினால் அந்தப் பைக்குள்ளும் சிட்ரேட் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் கணக்கு. மெஷினே போட்டுக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள், எடையைத் தப்பாகத் தட்டினால் மெஷின் தப்பாகத்தானே போடும். பிளாஸ்மா அளவை லிட்டரில் அறிய 0.065, எடை, ஒன்றிலிருந்து ஹீமட்டோகிரிட்டைக் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கழித்தது, மூன்றையும் பெருக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு ஹீமட்டோகிரிட் 40 சதவீதம் என்றால் 2.34 லிட்டர். அதே எடையில் சோகை பிடித்து 30 சதவீதத்தில் இருப்பவருக்கு 2.73 லிட்டர். ஏறக்குறைய 400 மில்லி வித்தியாசம், அதாவது கூடுதலாக அல்புமின் பாட்டில், கூடுதலாகக் குடும்பத்தின் பணம். ஒரு முழு அளவு மாற்றினால் ரத்தத்தில் உள்ள கெட்ட ஆன்டிபாடியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும், இரண்டு மடங்கு மாற்றினால் இரண்டு மடங்கு போய்விடாது. குழந்தை என்றால் மெஷின் செட்டுக்குள் போகிற ரத்தமே அதன் மொத்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் என்று முதலில் பாருங்கள், 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தத்தால் பிரைம் செய்யும், அதாவது தொடங்கும் முன்பே செட்டை வேறு ரத்தத்தால் நிரப்பும், பேச்சு வரும்.

மருந்து நேரம். ஐ.வி.ஐ.ஜி. என்ற ஆன்டிபாடி மருந்தைக் காலையில் ஏற்றிவிட்டு மதியம் பிளாஸ்மா மாற்றினால், நகையை அடகு வைத்து வாங்கிய மருந்தின் பெரும்பகுதி கழிவுப் பையில் கிடக்கும். மாற்றி முடித்த பிறகுதான் அதை ஏற்ற வேண்டும். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் எடுக்கிறவரிடம் கடைசி மாத்திரை எப்போது என்று கேளுங்கள். அல்புமின் ஏற்றும்போது அந்த மருந்தால் பிரஷர் சட்டென்று விழலாம், அதனால் ஒரு நாளாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தட்டணு டோனர் என்றால் ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள், சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும்.

லைன், அதாவது ரத்தம் எடுக்கவும் ஏற்றவும் போடும் குழாய், அந்த விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண சென்ட்ரல் லைன் இந்த ஓட்டத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், டயாலிசிஸ் வகை கெட்டி கதீட்டர் வேண்டும். கை நரம்பிலேயே முடிகிறவருக்குக் கழுத்தில் போட விடாதீர்கள், ஊசி போடும் கை உங்களுக்கு இருந்தால் அந்த வாதத்துக்கு மரியாதை கிடைக்கும்.

இன்னொன்று, பஸ் வந்துவிட்டதால் அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் விட்டது. கடைசி ரவுண்டு முடிந்ததும் "வேலை முடிந்தது" என்று அதே மணி நேரத்தில் கழுத்துக் கதீட்டரைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அல்புமினில் உறைவுப் பொருள் எதுவும் இல்லை, தொடர்ந்து நாலைந்து தடவை மாற்றியவருக்கு ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் அடிமட்டத்தில் இருக்கும், பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காது. ரிப்போர்ட் கையில் வரும் வரை, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, அந்த லைன் அங்கேயே இருக்கட்டும்.