50 வாட்டை 100 மில்லிவாட் சென்சாரில் அளக்க

என் பவர் மீட்டரில் (ரேடியோ சிக்னலின் திறனை அளக்கும் கருவி) மாட்டும் சென்சார் பழைய எச்பி 8481ஏ. அது அளப்பது 100 மில்லிவாட் வரைதான். 145 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் தரும் டிரான்ஸ்மிட்டரை நேரே மாட்டினால் உள்ளிருக்கும் தெர்மோகப்பிள் (வெப்பத்தை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி) எரிந்துவிடும். நடுவில் 100 வாட் தாங்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுங்கள்; அது திறனைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். சென்சாருக்கு 5 மில்லிவாட்தான் போகும்.

மீட்டரை அரை மணி நேரம் சூடேற விடுங்கள். இதில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. பிறகு சிக்னல் இல்லாமல் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். அடுத்து மீட்டரிலுள்ள 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் மூலத்தில் கேலிபிரேஷன். சென்சார் மேலுள்ள அட்டவணையில் உங்கள் அதிர்வெண்ணுக்கான கேல் ஃபேக்டரை (சென்சாரின் திருத்த எண்) பார்த்து மீட்டரில் வையுங்கள்.

சென்சாரை மாட்டும்போது கனெக்டரின் நட்டை மட்டும் திருகுங்கள். சென்சாரையே சுழற்றினால் நடு ஊசி தேயும்.

அட்டெனுவேட்டர் மேல் எழுதியிருக்கும் 40ஐ அப்படியே நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். என்னுடையது 145 மெகாஹெர்ட்ஸில் 39.6. அந்த 0.4 டெசிபலைக் கணக்கில் விட்டால் 50 வாட் 55 ஆகத் தெரியும்.