ஏற்காடு ஏற்றத்துக்கு டியூனிங்: கார்புரேட்டர் காரும் ஈசியூ காரும்

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500. அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 13 சதவீதம் இறங்கிவிடும். காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்க, இரண்டையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குத் தெரியாது. அதனால்தான் மேலே போனதும் பழைய கார் பிளக்கில் கரி பிடித்து, பிக்கப் இல்லாமல் திணறுகிறது.

பழைய காரில் வேலையின் வரிசை முக்கியம்: டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடர்பு), டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்), கடைசியில்தான் கார்புரேட்டர். 1489 சிசி அம்பாசடரில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி கூடினால் டைமிங் முன்னால் போகும், குறைந்தால் பின்னால் வரும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டுப் பிறகு பாயிண்டைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பிறகு காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே விட்டு, தட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனை நசுங்கிவிடும். ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆர்பிஎம் அதிகமாக வரும் இடத்தில் விடுங்கள். ஐடிலை (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) 800 ஆர்பிஎம் பக்கம் வையுங்கள்.

இந்த ஸ்க்ரூ ஐடிலுக்கு மட்டும்தான். ஏற்றத்தில் இழுவையைத் தீர்மானிப்பது மெயின் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை. அதை ஒரு சைஸ் குறைப்பது ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்களுக்குச் சரி. சேலத்து வெயிலில் அதே ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

புதிய காரில் இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும், எக்ஸாஸ்ட் புகையைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரும் சொல்வதை வைத்து ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) இந்தத் திருத்தத்தைப் பார்த்துக்கொள்கிறது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினில் ரீமேப் செய்து, அதாவது ஈசியூவில் இருக்கும் பெட்ரோல், டைமிங் கணக்கை (மேப்) மாற்றி எழுதி, பெரிதாக எதுவும் கிடைக்காது. அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். ஒரிஜினல் ஏர் ஃபில்டருக்குப் பதில் மாட்டும் கூம்பு வடிவ கோன் ஃபில்டரும் வேண்டாம். முதல் கியரில் வளைவு வளைவாக ஊரும்போது அது பானெட்டுக்குள் இருக்கும் சுடுகாற்றைத்தான் இழுக்கும், ஈசியூ உடனே டைமிங்கைக் குறைத்துவிடும்.

டர்போ காரில் ரீமேப் நன்றாகவே தெரியும். ஆனால் முதலில் ஓபிடி ஸ்கேனரில் (ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் கருவி) லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் பாருங்கள், அதாவது ஈசியூ வழக்கமாகப் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று. கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ரீமேப் பக்கம் போகாதீர்கள். ஒரிஜினல் ஃபைலைப் பிரதி எடுத்து வையுங்கள். எழுதும்போது பேட்டரியில் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செத்துவிடும். நீங்கள் வழக்கமாகப் போடும் பெட்ரோலுக்கே மேப் எழுதச் சொல்லுங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றினால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும், ஈசியூ டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும், கொடுத்த காசு வீண்.

அடுத்தது கிளட்ச். ஏற்றத்தில் நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மாற்றிய பிறகே மேப்பை ஏற்றுங்கள்.