சர்வரை நாமே பார்த்துக்கொள்வது எப்படி?

ஓர் இணையதளம், பின்னால் ஒரு டேட்டாபேஸ், கொஞ்சம் கோப்புகள். தேவை இவ்வளவுதான் என்றால் பெரிய கிளவுட் நிறுவனம் எதற்கு? 2 ஜிபி நினைவகம் உள்ள விபிஎஸ் (பெரிய கணினி ஒன்றில் நமக்கென ஒதுக்கப்படும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்தால் தாராளம். கிளவுட்டில் வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கணக்கு. அந்த பில்லைப் படித்துப் புரிந்துகொள்வதே ஒரு வேலை. விபிஎஸ்ஸில் அந்தத் தலைவலி குறைவு. ஆனால் நடுராத்திரியில் டிஸ்க் நிரம்பினால் எழுந்து பார்க்க வேண்டியது நீங்கள்தான். அப்படி எழ வேண்டிய அவசியம் வராதபடி முதலிலேயே எல்லாவற்றையும் அமைத்துவிடுவதுதான் என் வழி.

அதில் நான் போடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்பு. புதுப் பதிப்பு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஒரு பதிப்பை 5 வருடம் ஓட்டலாம். போட்டதும், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கு ஒரு சாவி உருவாக்கி, பாஸ்வேர்ட் வழியாக உள்ளே வருவதை நிறுத்திவிடுங்கள். நிறுத்தியபின், திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல் இன்னொரு டெர்மினலில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாகவே ஏறும்படி வையுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு ஆப்ஷன்களோடு (ss -tlnp), முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக ஓட்டுங்கள். எந்த நிரல் எந்த போர்ட்டில் (தொடர்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கிறது என்று வரிசையாக வரும். 22 எஸ்எஸ்ஹெச், 80, 443 இரண்டும் வெப் சர்வர். 5432 இருந்தால் அது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதன் முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் சரி, அந்த சர்வருக்குள் இருப்பவை மட்டுமே அதைத் தொட முடியும். 0.0.0.0 என்று இருந்தால் எல்லா முகவரியிலும் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஃபயர்வால் தடுக்காவிட்டால் உலகமே வந்து தட்டலாம். ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன் இங்கே இருக்கிறது' என்று உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாததை நீக்குங்கள். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: அது வெளியே திறந்துவிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டிப் போய்விடும். யுஎஃப்டபிள்யூவில் மூடியாயிற்று என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். போர்ட்டைக் கொடுக்கும்போதே 127.0.0.1 சேர்த்துக் கொடுங்கள்.

டிஸ்க்கை நிரப்புவது பெரும்பாலும் லாக், அதாவது நிரல்கள் எழுதிக்கொண்டே இருக்கும் பதிவுகள்தான். டெபியனில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் லாக்கான ஜர்னல் தனக்குத்தானே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளும். டாக்கரின் வழக்கமான ஜேசன் லாக் கோப்புக்கு அப்படி வரம்பே கிடையாது, நாம்தான் வைக்க வேண்டும். டிஸ்க் 80 சதவீதத்தைத் தொட்டால் செய்தி அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டுவிடுங்கள். பெரிய கண்காணிப்பு மென்பொருளெல்லாம் ஒற்றை சர்வருக்கு அதிகம்; அதைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் தேவைப்படும்.

பேக்கப்புக்கு ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற மென்பொருள். வேறொரு நிறுவனத்தின் இடத்துக்குப் போக வேண்டும், அதுவும் இந்த சர்வரால் சேர்க்க மட்டுமே முடிகிற, அழிக்க முடியாத முறையில். இல்லாவிட்டால் உள்ளே புகுந்தவன் பேக்கப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு வெறும் சர்வரில் மீட்டெடுத்து, தளம் எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். அப்போது கை எங்கெல்லாம் தடுமாறுகிறதோ, அதையெல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, சர்வருக்கு வெளியே வையுங்கள்.

மெயில் அனுப்புவதை மட்டும் முதலில் தொடாதீர்கள். மெயில் உண்மையான இடத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், ரிவர்ஸ் டிஎன்எஸ் எல்லாம் சரியாக இருந்தாலும் புது ஐபியிலிருந்து போகும் மெயில் ஸ்பாமில் விழலாம். அதற்குக் காசு கொடுத்து வேறொரு சேவையை வைத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அப்புறம், டொமைனை சர்வர் வாங்கிய நிறுவனத்திடமே வாங்காதீர்கள். அங்கே கணக்கு முடங்கினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். தனியாக இருந்தால், பேக்கப்பைப் புது இடத்தில் ஏற்றி, டொமைன் எந்த ஐபிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸைத் திருப்பிவிடலாம். அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 300 வினாடியில் வைத்திருந்தால் பெரும்பாலானோர் சில நிமிடங்களிலேயே புது இடத்துக்கு வந்துவிடுவார்கள்.