எச்சில் இல்லை, சளி வேண்டும்: காசநோய் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறை

இரண்டு வாரமாக இருமல் விடவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து "சளி எடுத்துட்டு வாங்க" என்பார்கள். எப்படி எடுப்பது என்று கேட்கப் பலருக்கும் கூச்சம். கடைசியில் டப்பாவில் எச்சில்தான் வந்து சேரும்.

பொதுவாக இரண்டு மாதிரி கேட்பார்கள். ஒன்று அங்கேயே, இன்னொன்று மறுநாள் காலை எழுந்தவுடன். ராத்திரி முழுக்க நெஞ்சில் தேங்கிய சளி என்பதால் காலை மாதிரிதான் உசத்தி. காசநோய் மாத்திரை தொடங்கும் முன்பே இரண்டையும் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். பேஸ்ட், மவுத்வாஷ் வேண்டாம். அப்புறம் மொட்டைமாடி, கொல்லைப்புறம் என்று காற்றோட்டமான இடத்துக்குத் தனியாகப் போங்கள். கழிவறைக்குள் மட்டும் எடுக்காதீர்கள், இருமும்போது பறக்கும் கிருமி அந்த அடைப்பிலேயே தங்கி அடுத்து வருபவரைத் தாக்கும்.

இனிதான் முக்கியமான வேலை. மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி அடக்கி, மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து பலமாக இருமுங்கள். தொண்டையைக் காறித் துப்புவது வேறு, இது வேறு. வருவது கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ வழவழப்பாக இருந்தால் சரி. தண்ணீராக, நுரையாக இருந்தால் எச்சில்; மறுபடி இருமுங்கள். 2 முதல் 5 மில்லி போதும், அதாவது அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் வரை. நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லியில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். எச்சிலில் அவ்வளவு எங்கே இருக்கும்? நோய் இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வருவது இப்படித்தான்.

டப்பாவை உதட்டுக்கு ஒட்டிப் பிடித்துத் துப்புங்கள். உள்பக்கம் விரல் படக் கூடாது. மூடியை இறுக்கி, வெளியே வழிந்திருந்தால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெயரும் தேதியும் டப்பாவின் உடம்பில் இருக்க வேண்டும், மூடியில் அல்ல. லேபில் மூடிகளைக் கழற்றி வைத்த பிறகு எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வெயிலில், வண்டி டிக்கியில் வைத்தால் காசநோய்க் கிருமி செத்து மற்ற கிருமிகள் பெருகிவிடும். லேபிலேயே தாமதமானால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைப்பார்கள்.

எவ்வளவு இருமியும் சளி வரவில்லையா? டப்பாவை எச்சிலால் நிரப்பாமல், வரவில்லை என்றே சொல்லிவிடுங்கள். உப்புநீர் ஆவி கொடுத்துச் சளியை வரவழைக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு.