கிறிஸ்து பிறப்பின் கதையைக் கைவேலை வழியாகக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்த் துறவி பிரான்சிஸ் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அருகில் நிறுத்தியது, வறுமையில் நிகழ்ந்த ஒரு பிறப்பை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே. குடில் அமைத்தும் நாடகம் நடத்தியும் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லித் தரும் நாம், பல நேரங்களில் அந்த நோக்கத்தை மறந்து, அலங்காரத்திலேயே நின்றுவிடுகிறோம்.

கதையை முழுமையாகச் சொல்லாமல் கத்தரிக்கோலையும் பசையையும் கையில் கொடுப்பதே இதில் பெரிய தவறு. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு என்பதையும், அவ்வழியை ஒரு கர்ப்பிணிப் பெண் கடந்தாள் என்பதையும், சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதையும் கேட்டுவிட்டு, அந்தப் பாதையைப் பெரிய தாளில் வரையும் பிள்ளைக்குத் தொழுவம் ஏன் தேவைப்பட்டது என்பது தானாகவே புரியும். அதைக் கேளாமல் நட்சத்திரம் ஒட்டிய பிள்ளைக்கு மிஞ்சுவது நட்சத்திரம் மட்டுமே.

நற்செய்தி நூல்களில் லூக்கா சொல்வதையும் மத்தேயு சொல்வதையும் ஒரே இரவுக்குள் அடைத்துவிடுவதும் பரவலான தவறு. இடையர்களும் தீவனத் தொட்டியும் லூக்காவில் வருகின்றன. கிழக்கிலிருந்து வந்த ஞானிகளும் ஏரோது அரசனும் மத்தேயுவில் வருகிறார்கள். ஞானிகள் மூவர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் (ஒரு நறுமணப் பிசின்) என மூன்று காணிக்கைகளைத்தான் குறிப்பிடுகிறார், அவர்கள் நுழைந்ததும் ஒரு வீட்டுக்குள்தான். பிள்ளைகள் ஆசையோடு நடிக்கும் சத்திரக்காரர் இரு நூல்களிலும் வருவதே இல்லை. அந்தப் பாத்திரத்தை நீக்க வேண்டியதில்லை. அது பிற்காலக் கற்பனை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் போதும். ஞானிகளின் சொரூபங்களை அறையின் மறுகோடியில் வைத்து, நாள்தோறும் சிறிது நகர்த்தி, அவர்களின் வருகையை நினைவுகூரும் ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டு வருவது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, ஏனெனில் காத்திருத்தலையும் பயணத்தையும் விளக்கச் சொற்பொழிவு எதுவும் தேவைப்படாது.

பெரியவர் செய்து முடித்த மாதிரியை முன்னால் வைத்து அதையே நகலெடுக்கச் சொல்வதும், கோணலாக ஒட்டியதைப் பிறகு இரகசியமாகச் சரிசெய்வதும் வேண்டாம். தெர்மாகோல், பஞ்சுப் பனி ஆகியவற்றுக்குப் பதிலாகப் பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்து, வளர்ந்த பயிரைக் குடிலின் முன் வைக்கலாம்.

நாடகத்தில் பாத்திரங்களைப் பங்கிடும்போது நடக்கும் தவறு ஒரு பிள்ளையின் மனத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடக் கூடியது. சிவந்த நிறமுள்ள சிறுமிக்கு மரியாளும் வானதூதரும், கறுத்த பிள்ளைக்கு இடையனும் ஆடும் என்று கொடுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை; நாசரேத்தில் வாழ்ந்த ஓர் எளிய குடும்பத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே நிறத்துக்கு மேன்மை கற்பிப்பது அந்தக் கதைக்கே இழைக்கும் அநீதி. சீட்டுக் குலுக்கிப் பாத்திரங்களைக் கொடுங்கள். வசனம் பேசத் தயங்கும் பிள்ளைக்கு, நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் அந்த இடையர்களே என்பதை எடுத்துச் சொல்லி, துணியில் சுற்றிக் கிடத்திய குழந்தையை அவர்கள் வந்து காணும் காட்சியில் இடம் கொடுக்கலாம்.

ஏரோதின் பகுதியை அடியோடு விட்டுவிடுவதும் சரியல்ல, பெத்லகேமின் ஆண் குழந்தைகளை அவன் கொல்லச் செய்ததைச் சிறு பிள்ளைகளிடம் விவரிப்பதும் சரியல்ல. அரசன் குழந்தைக்குத் தீங்கு செய்யத் தேடியதால் குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்டது என்பது அவர்களுக்குப் போதும். பத்து வயதைக் கடந்தவர்களுக்கு முழுமையாகச் சொல்லலாம். வீட்டை விட்டு ஓட நேர்ந்தால் ஒரு துணிப்பையில் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டு வரையச் சொல்வது ஆழமான பயிற்சிதான் என்றாலும், போரால் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், பெற்றோரிடம் முன்கூட்டியே பேசாமல் இதைச் செய்யக் கூடாது, வரைந்ததை எல்லோர் முன்னும் விளக்குமாறு எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தவும் கூடாது.