புராஸ்டேட் புற்றுநோய்: 100 சதவீதம் 20 ஆனபோது வி.ஏ.வில் முறையிட்டது எப்படி

என் மாமனார் அமெரிக்கர். 1969-ல் வியட்நாமில் ஓராண்டு தரைப்படையில் இருந்தவர். ஐம்பது வருடம் கழித்து அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. அமெரிக்கப் படைவீரர் நலத்துறையை எல்லாரும் வி.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். பாதிப்பு எவ்வளவு என்பதைச் சதவீதமாக அளந்து அதற்கேற்ப மாத இழப்பீடு கொடுப்பார்கள். அவருக்கு 100 சதவீதம் கொடுத்துவந்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து புற்றுநோய் போன பிறகு, அதை 20 சதவீதமாகக் குறைக்கப்போவதாகக் கடிதம் வந்தது. அங்கிருந்து 60 சதவீதத்துக்கு வர எங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதில் ஏறக்குறைய பாதி நான் செய்த தவறால் போனது. வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். டிடி-214 என்ற படைப்பணி விடுவிப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, வி.ஏ. இணையதளத்தில் கணக்கும் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: காரணத்தை நிரூபிக்க அலையாதீர்கள்

பலர் "ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லியால்தான் இந்த நோய் வந்தது" என்று மருத்துவரிடம் கடிதம் கேட்டு அலைகிறார்கள். தேவையில்லை. 1996 முதலே புராஸ்டேட் புற்றுநோய் அந்தக் களைக்கொல்லியோடு சேர்ந்த அனுமான நோய்களின் பட்டியலில் இருக்கிறது. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரைக்குள் வியட்நாமில் இருந்தார், இந்த நோய் வந்தது என்ற இரண்டையும் காட்டினால் போதும், தொடர்பைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

கரையோரக் கப்பல்களில் இருந்தவர்களுக்கு 2019-ல் வந்த கடற்படையினர் சட்டமும், தாய்லாந்து முகாம்களிலும் குவாமிலும் இருந்தவர்களுக்கு 2022-ல் வந்த பேக்ட் சட்டமும் வழி திறந்தன. அதற்கு முன்னால் மறுக்கப்பட்டவர்கள் மறுபடி கேட்கலாம், கேட்க வேண்டும்.

படி 2: அந்த 100 எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்

அது நோய் இருக்கும் காலத்துக்கும் சிகிச்சை நடக்கும் காலத்துக்கும் உரியது. சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் வி.ஏ. கட்டாயம் ஒரு பரிசோதனை வைக்கும். நோய் திரும்பவில்லை, பரவவில்லை என்றால், அதன்பின் மிச்சமிருக்கும் பாதிப்பை வைத்துத்தான் சதவீதம். பெரும்பாலும் அது சிறுநீர்த் தொல்லை.

2025 கணக்கில் தனி ஆளுக்கு 100 சதவீதம் என்றால் மாதம் 3,831.30 டாலர், 60 என்றால் 1,395.93, 20 என்றால் 346.95. வீட்டு வாடகையே இதில்தான் போகிறது என்றால் இந்த வித்தியாசம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 3: குறைக்கப்போகிறோம் என்ற கடிதம்

இது முடிவு அல்ல, முன்னறிவிப்பு. ஆதாரம் அனுப்ப 60 நாள் இருக்கிறது. நேரில் விசாரணை வேண்டும் என்று 30 நாளுக்குள் கேட்டால், விசாரணை முடியும்வரை பணம் குறையாது. மாமனார் அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். எனக்குத் தெரியவந்தபோது இரண்டு கெடுவும் போய்விட்டன. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: "வி.ஏ.விலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா?"

படி 4: எண்ணி எழுதுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாம் இருக்கிறது. சிறுநீர்க் கசிவுக்கான விதி முழுக்க எண்ணிக்கை. கசிவை உறிஞ்சும் பேட்களை ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கும் குறைவாக மாற்றினால் 20 சதவீதம். இரண்டு முதல் நான்கு என்றால் 40. நான்குக்கு மேல், அல்லது சிறுநீர் சேகரிக்கக் கருவி தேவை என்றால் 60. கசிவு இல்லை, அடிக்கடி போகிறார் என்றால் அதற்குத் தனி அளவு: பகலில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முறை, அல்லது இரவில் ஐந்து முறையோ அதற்கு மேலோ எழுந்தால் 40. இரவில் மூன்று, நான்கு முறை என்றால் 20. இரண்டையும் கூட்டித் தரமாட்டார்கள், எது மேலோங்கி இருக்கிறதோ அதுதான் கணக்கு.

பரிசோதனையில் மருத்துவர் கேட்டபோது மாமனார் சொன்னது: "எப்போதாவது ஒன்று மாற்றுவேன், பரவாயில்லை." படிவத்தில் அதுதான் ஏறியது. எழுதியவர் மேல் தப்பில்லை. ஆனால் வீட்டில் பேட் வாங்குவது நான். வாரத்துக்கு இரண்டு பாக்கெட் எப்படித் தீர்கிறது என்று எனக்குத் தெரியும். எழுபது தாண்டிய மனிதர், ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கியவர், முன்பின் தெரியாத ஒருவரிடம் நாளைக்கு ஆறு முறை நனைகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்தின் விலை மாதம் ஆயிரம் டாலருக்கு மேல்.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். செல்போன் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை, அவரும் தொடமாட்டார். குளியலறைக் கதவில் கயிறு கட்டிப் பேனாவோடு தொங்கவிட்டேன். தேதி, நேரம், பேட் மாற்றினாரா, இரவில் எழுந்தாரா, அவ்வளவுதான். நாற்பது நாள் எழுதினார். ஒரு நாள்கூட நான்குக்குக் கீழே வரவில்லை, பெரும்பாலான நாள்களில் ஐந்தோ ஆறோ. எண்ணிக்கையைக் கூட்டி எழுதாதீர்கள். உள்ளது உள்ளபடி இருந்தால் போதும்.

அந்த நோட்டை அவருடைய யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீரியல் மருத்துவர்) கொண்டுபோய், புராஸ்டேட் புற்றுநோய்க்கான டிபிகியூ படிவத்தை நிரப்பித் தரச் சொன்னோம். பாதிப்பு எவ்வளவு என்று மருத்துவர் பதில் எழுதும் வி.ஏ. கேள்விப் படிவம் அது. வெளி மருத்துவரே நிரப்பலாம். அத்தை, அதாவது மாமனாரின் மனைவி, தான் நேரில் பார்த்ததை 21-10210 சாட்சிப் படிவத்தில் தனியாக எழுதினார். ராத்திரி எத்தனை தடவை விளக்கு எரிகிறது, படுக்கை விரிப்பை வாரத்தில் எத்தனை நாள் மாற்றுகிறோம் என்று இரண்டு பக்கம். அதை வாசித்த அன்றுதான் எங்களுக்கே முழுதாகத் தெரிந்தது.

படி 5: எந்த வழியில் போவது

வி.ஏ.வின் முடிவை எதிர்த்து முறையிட 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள். பணம் கணக்கிடும் பழைய தேதி கைவிட்டுப் போகாமல் இருக்க, முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹையர் லெவல் ரிவ்யூ, படிவம் 20-0996: மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பை மறுபடி பார்ப்பார். நான் இதைத்தான் முதலில் எடுத்தேன். பேரைப் பார்த்ததும் "மேலதிகாரி, சரி, இதுதான் நல்லது" என்று தோன்றியது. நோட்டு, டிபிகியூ, அத்தையின் சாட்சி எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். இந்த வழியில் புது ஆதாரம் எதையும் பார்க்கவே மாட்டார்கள், விதியே அப்படித்தான். பழைய கோப்பில் இருந்ததோ "பரவாயில்லை" என்ற ஒரு சொல். ஐந்து மாதம் கழித்து அதே 20 வந்தது. கோப்பில் ஏற்கெனவே உள்ளதை அவர்கள் தவறாகப் படித்திருந்தால் மட்டும் இந்த வழி.

சப்ளிமென்டல் கிளெய்ம், படிவம் 20-0995: புதிதாகவும் வழக்குக்குப் பொருத்தமாகவும் ஆதாரம் இருந்தால் இதுதான். எங்களுக்கு முதலிலேயே இது. இரண்டாவது தடவை இதில் போட்டோம், 60 கிடைத்தது. ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் அடுத்ததைப் போட்டுக்கொண்டே வந்ததால் பழைய தேதி கைவிட்டுப் போகவில்லை, நிலுவையும் வந்தது.

போர்டு அப்பீல், படிவம் 10182: நீதிபதி பார்ப்பார். காலம் நிறைய எடுக்கும். அங்கும் ஆதாரம் சேர்க்க விரும்பினால் படிவத்தில் அதற்கான வரிசையைக் குறிக்க வேண்டும், 90 நாள் அவகாசம்.

தபாலைவிட இணையதளத்தில் ஏற்றுவதையே சொல்வேன். ஏற்றியதும் தேதியோடு ஒப்புகை வரும், அதைப் படமெடுத்து வையுங்கள்.

படி 6: துணைக்கு யார்

படைவீரர் சேவை அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகள் காசு வாங்கமாட்டார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் வி.ஏ. அங்கீகாரம் உள்ளவராகப் பாருங்கள், நிலுவையில் 20 சதவீதம் வரையான கட்டணம் நியாயம் என்று விதி கருதுகிறது. உங்களுக்கு 100 வாங்கித் தருகிறோம், கூடுகிற மாதத் தொகையில் ஐந்து மடங்கு கொடுங்கள் என்று கூப்பிடும் அங்கீகாரமற்ற ஆலோசகர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்துச் சிலர் கேட்டார்கள். ஒருவருடைய அப்பா கதிர்வீச்சு முடிந்தும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். அப்படியென்றால் சிகிச்சை முடியவில்லை என்று வாதிடலாம். ஆறு மாதக் கணக்கு தொடங்கிவிட்டதாகக் கடிதம் வந்தால், ஊசி போட்ட தேதிகளோடு 60 நாளுக்குள் பதில் எழுதுங்கள்.

இன்னொருவர் தயங்கித் தயங்கிக் கேட்டது ஆண்மைக் குறைவு பற்றி. அறுவைக்குப் பிறகு வந்தால் அதற்குச் சதவீதத்துக்கு மேல் தனித்தொகை உண்டு, எஸ்எம்சி-கே என்று பெயர், 2025-ல் மாதம் 136.06 டாலர். மருத்துவக் குறிப்பில் அது பதிவாகியிருக்க வேண்டும். மாமனார் இதைச் சொல்ல இன்னும் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். சொன்ன அடுத்த வாரமே விண்ணப்பம் போட்டோம்.