வேலையை மாற்றிக்கொண்டு பி.ஆர். முதுநிலை படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கியில் சில வருடம், மருந்துக் கம்பெனியில் சில வருடம், பத்திரிகையில் சில வருடம் என்று வேலை பார்த்துவிட்டு மக்கள் தொடர்பு (பி.ஆர்.) படிக்க வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. கடைசித் தேதியைத் தவறவிடாதே, எழுத்துப்பிழை பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

நன்றாகப் பேசுவேன் என்ற தைரியத்தில் சேர்வது

நிறுவனங்களுக்காக பி.ஆர். வேலையைச் செய்து தரும் ஏஜென்சியில் முதல் ஓரிரு வருடம் பெரும்பாலும் எழுத்து வேலைதான்.

பட்டமா, பட்டயமா என்று பார்க்காமல் பணம் கட்டுவது

இரண்டு வருட எம்.ஏ.வும் ஒரு வருட முதுநிலைப் பட்டயமும் ஒன்றல்ல. ஏஜென்சி வேலைக்குப் பட்டயம் தாராளமாகப் போதும். டெல்லியில் உள்ள இதழியல், ஊடகக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி.யின் விளம்பரம், மக்கள் தொடர்புப் படிப்பே பல காலமாகப் பட்டயமாகத்தான் பெயர் பெற்றது. பின்னாளில் பாடம் நடத்தப் போகும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. யு.ஜி.சி. நடத்தும் நெட் தேர்வு வழியாக உதவிப் பேராசிரியர் தகுதி பெற முதுகலைப் பட்டமும், பொதுப் பிரிவினருக்கு அதில் 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டம் படிப்பதானால், அந்தக் கல்வியாண்டுக்கு அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். போன வருடப் பட்டியலைக் காட்டி ஆள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

வயது வரம்பு இருக்கிறதா என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் பாருங்கள்.

பழைய வேலையை மூட்டை கட்டி வைத்துவிடுவது

எவ்வளவு சொன்னாலும் தீராத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இழப்பு முழுவதும் மாணவருடையது.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்த ஒருவர் முதுநிலை படிக்க வந்தார். ப்ராஜெக்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு: 'இளைஞர்களிடம் இன்ஸ்டாகிராமின் தாக்கம்'. நூறு பேருக்கு கூகுள் ஃபார்ம், நான்கு வட்ட வரைபடம், முடிந்தது. கல்லூரியில் நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் வேலை நேர்காணலில் அவருக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்திருந்த 22 வயதுப் பிள்ளைகளும் அதையேதான் செய்திருந்தார்கள். அவரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வரவும் தயாராக இருந்தார்கள்.

அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். நெருக்கடி மேலாண்மை வகுப்பில் 1982-ல் சிகாகோவில் நடந்த டைலெனால் மாத்திரை விவகாரம் (வலி மாத்திரையில் யாரோ விஷம் கலந்தது) தவறாமல் வரும். நமக்குப் பக்கத்திலேயே 2015-ல் மேகி நூடுல்ஸ் விவகாரம் நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியில் ஈயம் 17.2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) இருப்பதாக ஆய்வறிக்கை வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. போதாக்குறைக்கு 'எம்.எஸ்.ஜி. (சுவை கூட்டும் உப்பு) சேர்க்கப்படவில்லை' என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்த வாசகமும் சிக்கலானது. அந்த ஜூனில் தமிழ்நாடு அரசும் மூன்று மாதத் தடை போட்டது. ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க விற்பனையை நிறுத்தியது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆய்வு செய்த கூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது.

நூடுல்ஸையும் மசாலாவையும் தனித்தனியாகச் சோதிப்பதா, சமைத்துச் சாப்பிடும் நிலையில் சேர்த்துச் சோதிப்பதா? ஆய்வுக்கூட அங்கீகாரம் என்பது என்ன? பி.பி.எம். என்ற எண்ணை ஒரு தாய்க்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? அவருக்கு இவை அத்துப்படி. கூடப் படித்த யாருக்கும் தெரியாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்ஸ்டாகிராமுக்குப் போனார்.

செய்ய வேண்டியது இப்படி. உங்கள் பழைய துறையில் பொதுவெளியில் ஆவணம் உள்ள ஒரு நெருக்கடியை எடுங்கள். முதல் 30 நாளுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். தேதி, கண்காணிப்பு அமைப்பு சொன்னது, நிறுவனம் சொன்னது, இரண்டு ஆங்கில நாளிதழிலும் இரண்டு தமிழ் நாளிதழிலும் வந்த தலைப்பு, அன்றைக்குப் பதில் கிடைக்காமல் போன கேள்வி என்று ஐந்து நெடுவரிசை. கடைசி நெடுவரிசைதான் ப்ராஜெக்டின் உயிர். நிறுவனம் வாய்திறக்காத நாட்களில் அந்த இடத்தை யார் நிரப்பினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு அந்தச் செய்தியை எழுதிய நிருபர்களில் நான்கைந்து பேரிடம் பேசுங்கள். மூன்று மாதத்தில் முடிகிற வேலை.

வங்கியிலிருந்து வருபவருக்கு, 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் புதிய டிஜிட்டல் சேவைகளையும் புதிய கிரெடிட் கார்டுகளையும் நிறுத்திவைத்தது நல்ல பொருள். பட்டியலிடப்பட்ட நிறுவனம் முக்கிய நிகழ்வைப் பங்குச் சந்தைக்குச் சொல்லாமல் பத்திரிகைக்கு முதலில் சொல்லக் கூடாது. இதைச் சொல்லும், பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதிமுறை 30 பற்றி அறியாத பி.ஆர். ஆள் கிளையன்டையே மாட்டிவிடுவார். நிதித்துறை ஆளுக்கு இது முதல் நாளே தெரிந்த சங்கதி.

விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையிலும் இதே கதைதான். 'மக்களோடு பழகுவதில் எனக்கு ஆர்வம்' என்று தொடங்குவார்கள். 'கடன் தவணை தள்ளிவைப்பு பற்றி வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி புரியாமல் வாடிக்கையாளர்கள் கிளைக்கு வந்து நின்றார்கள். அந்தச் செய்தியைச் சரியாக எழுதக் கற்கவே வருகிறேன்' என்று எழுதிப் பாருங்கள். தேர்வுக் குழு அந்த இடத்தில் நின்று படிக்கும். ஏஜென்சிகளும் சுகாதாரம், நிதி, தொழில்நுட்பம் என்று துறைவாரியாக அணி வைத்திருக்கின்றன. உங்களை எந்த அணியில் போடலாம் என்று அவர்களுக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

செய்தியின் பரப்பளவை விளம்பரப் பணமாக மாற்றிக் காட்டுவது

விற்பனைத் துறையிலிருந்து வருபவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். 120 சதுர செ.மீ. செய்தி, விளம்பரக் கட்டணம் ச.செ.மீ.க்கு 1,000 ரூபாய், ஆக 1,20,000 ரூபாய் மதிப்பு! செய்திக்கு நம்பகம் அதிகம் என்று அதை மூன்றால் பெருக்குபவர்களும் உண்டு. அந்தச் செய்தி கிளையன்டைத் திட்டி வந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் பி.ஆர். வேலையை எப்படி அளப்பது என்று 2010-ல் வந்த பார்சிலோனா கோட்பாடுகள் இந்த முறையை நிராகரித்தன. நம்மூர் கிளையன்ட் சிலர் இன்னும் கேட்கிறார்கள் என்பது உண்மை. கேட்டால் கொடுங்கள், ஆனால் பக்கத்திலேயே வேறு இரண்டு நெடுவரிசை வையுங்கள்: நாம் சொல்ல நினைத்த செய்தி அதில் வந்ததா, அதன் பிறகு விவரம் கேட்டு வரும் அழைப்போ இணையதள வருகையோ கூடியதா. ப்ராஜெக்டில் மட்டும் இந்தப் பெருக்கலை வைக்காதீர்கள்.

பத்திரிகையாளர் என்றால் எல்லோரையும் தெரியும் என்று நம்புவது

பீட் (நிருபர் செய்தி சேகரிக்கும் துறை) மாறினால் தொடர்பும் போச்சு.

பிரஸ் நோட்டை ஆங்கிலத்தில் எழுதி, தமிழுக்கு யாரிடமாவது தள்ளிவிடுவது

சென்னை ஏஜென்சிகளில் நல்ல தமிழ் எழுதும் ஆளுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த நோட்டைத் தமிழ் டெஸ்க்கில் உள்ள உதவி ஆசிரியர் திருத்திக்கொண்டிருக்க மாட்டார், ஓரமாக வைத்துவிடுவார். நிறுவனத்தைப் புகழும் முதல் பத்தியை எடுத்துவிட்டு யார், என்ன, எங்கே, எவ்வளவு என்று தொடங்குங்கள். அதிகாரி சொன்னதாக ஒரு கூற்று போதும், அதுவும் மனிதர் பேசுவதுபோல இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். படத்தை இணைத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி அனுப்புங்கள். இந்தக் கடைசி வரி இல்லாததால் எத்தனையோ படங்கள் அச்சுக்குப் போகாமல் நின்றிருக்கின்றன.

இன்டர்ன்ஷிப்பைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளுவது

இரண்டு வாரம் போய்ச் சான்றிதழ் வாங்கி வருவதில் பயனில்லை. கிளையன்ட் வேலையைச் சொல்வது, திட்டம் போடுவது, நிருபர்களிடம் பேசுவது, செய்தி வருவது, மாத அறிக்கை எழுதுவது என்ற முழுச் சுற்றையும் பார்க்க 8 முதல் 12 வாரம் வேண்டும். முதல் மாதம் நிருபர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலைதான் தருவார்கள். முப்பது வயதுக்கு மேல் வந்தவர்களுக்கு அது மனதுக்கு ஒப்பாது. ஆனால் யார் எந்தப் பீட் என்பது அங்கேதான் மனதில் பதியும். ஊக்கத்தொகை பழைய சம்பளத்தில் சிறு பகுதியாகவே இருக்கும். படிப்பு முடிந்த பிறகும் ஆறு மாத வீட்டுச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு, நோட்டீஸ் காலத்தைப் பின்னோக்கி எண்ணி, பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.